நிற்கும் மரமும் வாழும் குலமும்

படப்பை என்னும் சொல் பழந்தமிழில் மனையை அடுத்த தோட்டத்தையும் கொல்லையையும் குறிப்பது. சங்கச் செய்யுட்களைப் பயின்றோர் அச்சொல்லைப் பலவிடங்களிற் கண்டிருப்பர். அதனையே தன் பெயராகத் தாங்கிய ஊரொன்று, வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஒரகடத்துக்குக் கிழக்கே அமைந்துள்ளது. ஏரியும், ஏரியை நம்பிய நெல்வயலும், கரைதோறும் வரிசையாய் நின்ற பனையுமே அப்பக்கத்து நாட்டுப்புறத்தின் செல்வமாயிருந்தன. 1998ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் வண்டித் தொழிற்சாலையொன்று உற்பத்தியைத் தொடங்கிற்று. 2010ஆம் ஆண்டில் ஒரகடத்திலும் அத்தகைய பெருந்தொழிற்சாலையொன்று திறக்கப்பெற்றது. இன்று திருப்பெரும்புதூர் முதல் ஒரகடம் வரையிலுள்ள நிலம் நாடறிந்த தொழிற்களமாய் விளங்குகின்றது. நம் பழைய மாணவர் சிலரும் அங்கே பணியாற்றி வருகின்றனர்.

சென்ற கோடையில் அவ்வழியே யான் சென்றபொழுது, மதிலால் வளைக்கப்பெற்ற ஒரு நிலத்தினுள்ளே, சிமெண்டுத் தளத்தின் நடுவே, ஒற்றைப் பனையொன்று நிற்கக் கண்டேன். உடன் வந்த நண்பர், “மரத்தை வெட்டாமல் விட்டிருக்கின்றார்களே, அம்மட்டில் நன்று” என்றார். நன்றுதான், ஐயமில்லை. ஆயினும், அம்மரம் உண்மையிற் பிழைத்ததா என்னும் வினா என் உள்ளத்தை விட்டகலவில்லை. நிற்பது வேறு, வாழ்வது வேறு, தனக்குப்பின் தன் குலத்தை நிறுத்துவது மற்றும் வேறு. இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், செடிகொடிகள் எங்ஙனம் பிறக்கின்றன, எங்ஙனம் வளர்கின்றன, எங்ஙனம் தம் இனத்தைப் பெருக்குகின்றன என்பதைச் சிறிது ஆராய்தல் வேண்டும்.

இடம் பெயரா உயிர்

விலங்கு தன் துணையைத் தேடிச் செல்லும். குட்டியை ஏற்ற இடத்திற்குக் கொண்டு செல்லும். மரத்திற்கு இவ்விரண்டும் இயலா. முளைத்தவிடத்தே நின்று, அங்கேயே உண்டு, அங்கேயே மடிவது அதன் இயற்கை. ஆதலின் இனம் பெருக்குதற்கு அது இரண்டு வழிகளைக் கைக்கொண்டிருக்கின்றது. ஒன்று, பிறர் துணையை நாடாது தன் உடலின் ஒரு பகுதியையே புதிய செடியாக்குவது. மற்றொன்று, பூத்து, கருக்கொண்டு, வித்தினை ஈனுவது.

முன்னைய வழியை நம் உழவர் நன்கறிவர். கரும்பைக் கரணையாக வெட்டி நடுகின்றனர். வாழையின் பக்கக் கன்றைப் பெயர்த்து வைக்கின்றனர். முருங்கையின் போத்தை வெட்டி ஊன்றுகின்றனர். சென்னைப் புறநகர் ஏரிகளை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரை இவ்வழியின் பேராற்றலைக் காட்டும். தென்னமெரிக்காவிலிருந்து வந்த அச்செடி, நீர்மேல் ஓடுதண்டினை நீட்டி, அதன் நுனியில் மகவினைத் தோற்றுவிக்கும். அம்மகவு மற்றொன்றினைத் தோற்றுவிக்கும். காலமும் நீரும் ஏற்றனவாயின் இரு வாரங்களில் அதன் பரப்பு இருமடங்காகும்.

இத்துணை எளிய வழியிருக்க, பூப்பதும் காய்ப்பதும் எற்றுக்கு எனின், கூறுதும். கன்றினாற் பெருகிய வாழையெல்லாம் உண்மையில் ஒரே வாழை. தாயின் இயல்புகள் யாவும் மகவினிடத்தும் மாறாதிருக்கும். தாயைக் கொல்லும் நோய் மக்கள் அனைவரையும் கொல்லும். மத்திய அமெரிக்கத் தோட்டங்களிற் பெருவாணிபப் பொருளாயிருந்த குரோ மிஷேல் என்னும் வாழையினம், மண்வழிப் பரவிய வாடல் நோயினால் 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஏற்றுமதிச் சந்தையினின்றும் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. வித்தினாற் பிறக்கும் மகவோ தாய்தந்தையர் இருவரின் இயல்புகளையும் புதிய வகையிற் கலந்து பெறுகின்றது. ஒன்று வறட்சிக்குத் தளரின் மற்றொன்று தாங்கும். ஒன்று பூச்சிக்கு இரையாயின் மற்றொன்று எஞ்சும். இவ்வேறுபாடே குலத்திற்குக் காப்பு.

பூவின் தொழில்

பூவை அழகிற்கென்றும் மணத்திற்கென்றும் படைக்கப்பெற்றதாகவே மக்கள் நெடுங்காலம் கருதி வந்தனர். அதன் மெய்த்தொழிலைச் சோதனையால் நிறுவியவர் ஜெர்மனி நாட்டு டூபிங்கன் நகரத்துக் கமராரியஸ் என்பார். ஆண்பூவும் பெண்பூவும் வெவ்வேறாகப் பூக்கும் செடிகளை அவர் எடுத்துக்கொண்டு, ஆணை அகற்றிப் பெண்ணைத் தனியே வைத்துப் பார்த்தார். பெண்செடியில் முளைக்கத்தக்க வித்து உண்டாகவில்லை. இம்முடிபினை அவர் 1694ஆம் ஆண்டில் ஒரு கடித வடிவில் வெளியிட்டார்.

பூவின் நடுவே சூலகமும், அதனைச் சூழ்ந்து கேசரங்களும் உள. கேசரத்தின் தலையிலுள்ள பையில் மகரந்தம் என்னும் நுண்பொடி விளைகின்றது. அப்பொடி சூலகத்தின் முடியிற் படிந்ததும், ஒவ்வொரு துகளும் மெல்லிய குழாயொன்றை நீட்டும். அக்குழாய் உள்ளே துளைத்துச் சென்று சூலினை அடையும். அதன்வழிச் செல்லும் ஆணணுக்கள் இரண்டு. ஒன்று முட்டையோடு கூடிக் கருவாகின்றது. மற்றொன்று அருகிலுள்ள வேறோர் அணுவோடு கூடிக் கருவிற்கு உணவாகும் தசையைத் தோற்றுவிக்கின்றது. இவ்விரட்டைக் கூட்டத்தை 1898ஆம் ஆண்டிற் கண்டறிந்து கூறியவர் ருஷியப் பேராசிரியர் நவாஷின் என்பவர்.

இது நூலறிவு மட்டுமன்று. கோடையில் நாம் சுவைக்கும் நுங்கில் இதனைக் கண்ணாற் காணலாம். நுங்கின் குளிர்ந்த நீரும் வழுவழுப்பான சதையுமே அவ்விரண்டாம் கூட்டத்தாற் பிறந்த உணவு. பனையின் பெண்பூவிற் சூலறைகள் மூன்று; ஆதலின் நுங்கின் கண்களும் மூன்று. சூலொன்று வளராதொழியின் கண்ணும் ஒன்று குறையும். நுங்கு உண்போர் பிறவாத பனைக்கென வைத்த உணவையே உண்கின்றனர் என்பது அறிதற்குரியது.

பூ எங்கும் என்றும் இருந்ததன்று. திருப்பெரும்புதூரைச் சூழ்ந்த நிலத்தடிக் களிக்கற்களில் பழங்காலத்து இலைகளின் அச்சுக்கள் பதிந்துள்ளன. இந்நிலப்பகுதியின் அமைப்பை ராபர்ட் புரூஸ் பூட் ஆராய்ந்து எழுதினார். அங்குக் கிடைத்த இலைகளை 1879ஆம் ஆண்டில் ஒட்டோக்கார் பைஸ்ட்மாண்டல் விவரித்து வெளியிட்டார். பன்னிரண்டு கோடி ஆண்டுகட்கு மேற்பட்ட தொன்மை வாய்ந்த அவற்றுட் பெரும்பாலன பூவாத இனங்கள்: பெரணிகளும், ஊசியிலை மரங்களும், ஈந்துபோன்ற இலையுடைய பிறவுமாம். இன்று வண்டிகள் விரையும் அந்நெடுஞ்சாலையின் கீழே, பூவிற்கு முற்பட்ட காடொன்று கல்லாகிக் கிடக்கின்றது என்பதை எண்ணுந்தோறும் வியப்பு மேலிடுகின்றது.

தூது செல்வோர்

ஓரிடத்தே நிற்கும் ஆண்பூவின் பொடி மற்றோரிடத்தே நிற்கும் பெண்பூவைச் சேர்வது எங்ஙனம்? இங்கேதான் மரம் பிறர் துணையை வேண்டி நிற்கின்றது.

நெல் இத்துணையை மிகுதியும் வேண்டுவதில்லை. முற்பகலில் அதன் உமிவாய் சிறிது திறக்கும். மகரந்தம் உதிர்ந்து அப்பூவின் முடியிலேயே படியும். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் வாய் மூடிக்கொள்ளும். வெளியே சென்ற மகரந்தம் சில நிமிஷங்களே உயிரோடிருக்கும். தன்பூவிற் தானே கருக்கொள்வதால் நல்ல நெல்லொன்றின் குணம் தலைமுறைதோறும் பெரிதும் மாறாது நிற்கின்றது. கோயம்புத்தூரில் 1921ஆம் ஆண்டிற் தேர்ந்தெடுத்து வெளியிடப்பெற்ற ஜி.இ.பி. 24 என்னும் நெல்வகை தூயதாய்ப் பலவிடங்களிற் பரவியதும், பின்னர்ப் பல புதிய நெல்வகைகட்குப் பெற்றோராயதும் இவ்வியல்பைத் துணைக்கொண்டேயாம். ஆயினும் நெல்லுக்கும் ஒரு துணை வேண்டும்; அத்துணை உழவன். சம்பாவோ, நவரையோ, சொர்ணவாரியோ, எப்பட்டத்திலும் விதைநெல்லைக் காத்து, ஊறவைத்து, முளைகட்டி, சேற்றில் விதைப்பவன் அவனே. அவன் கைவிட்டால் அவ்வகை நெல் அற்றுப்போம்.

ஆலின் கதை இதனினும் வியப்புடையது. பூவாமற் காய்க்கும் மரமென அதனை நம் முன்னோர் கூறினர். உண்மையில் அதன் காயெனப்படுவதே பூக்களை உட்கொண்ட ஒரு செப்பு. அதன் சிறுவாயிலினுள்ளே எள்ளினும் சிறிய குளவியொன்று நுழைகின்றது. நுழையும்போதே அதன் சிறகுகள் முறிகின்றன. மீண்டு வரும் எண்ணம் அதற்கில்லை. தான் பிறந்த செப்பினின்றும் கொணர்ந்த மகரந்தத்தை உள்ளிருக்கும் பூக்களிற் சேர்த்து, சில பூக்களில் முட்டையிட்டு, அங்கேயே மடிகின்றது. முட்டையிற் பிறந்த பெண்குளவிகள் புதிய மகரந்தத்தைச் சுமந்து வெளியேறி, மற்றோர் ஆலைத் தேடிப் பறக்கின்றன. அக்குளவியின்றி ஆலுக்கு வித்தில்லை. ஆலின்றி அக்குளவிக்கு வீடில்லை. கனிந்த ஆலம்பழத்தை மைனாவும் பிற பறவைகளும் தின்று வித்தினை எச்சத்தோடு இடும். அவ்வித்துப் பனைமட்டையின் இடுக்கில் வீழ்ந்து முளைத்து, வேரினை நிலத்தளவும் இறக்கிப் பனையைத் தழுவி நிற்பதை நாட்டுப்புறத்தில் யாரும் காணலாம்.

பனையோ ஆண்வேறு பெண்வேறாகப் பிறக்கும் மரம். ஆண்பனையின் பாளையில் விரல்போன்ற கதிர்களும் அவற்றில் நுண்பூக்களும் தோன்றும். பெண்பனையின் பாளையிற் பருத்த பூக்கள் தோன்றும். காற்றும் பூச்சிகளும் ஆண்பனையின் பொடியைப் பெண்பனைக்குக் கொண்டு சேர்க்கின்றன. “ஆண்பனையில் நுங்கில்லை, அதனை வைத்திருப்பதால் என்ன பயன்?” என்று கூறி முதலில் அதனையே வெட்டுவோர் உளர். அண்மையில் ஆண்பனை யாதும் இன்றேல், பெண்பனையில் முளைக்கும் வித்து விளைவது அரிது என்பதை அவர் அறியார்.

முளையும் வளர்ச்சியும்

ஆவணி புரட்டாசியிற் பனம்பழம் பழுத்து வீழும். காற்றுச் சுமக்கவியலாத பெருங்கனி அது. தாயின் அடியிலேயே கிடக்கும். அதனை எடுத்துச்சென்று ஏரிக்கரையிலும் வரப்பிலும் புதைத்தவர் மக்களேயாவர்.

புதைந்த கொட்டை முளைக்கும் முறை நூதனமானது. வித்திலையின் காம்பு ஒரு குழாய்போல் நீண்டு, மண்ணினுள்ளே கீழ்நோக்கி ஓரடிக்கும் மேலாகச் செல்லும். முளைக்கருவையும் தன்னுள் வைத்துக் கீழே கொண்டு போகும். வித்திலையின் மறுமுனையோ கொட்டையினுள்ளே பஞ்சுபோற் பருத்து, அங்குள்ள கெட்டியான உணவைக் கரைத்து உறிஞ்சிக் கீழே அனுப்பும். பூரானென்றும் தவணென்றும் வெவ்வேறூர்களிற் பெயர்பெற்று, சிறுவர் கொட்டையை உடைத்துத் தின்னும் இனிய வெண்பொருள் அதுவே. கீழே சென்ற முளையைச் சூழ்ந்த முதல் இலையுறை மாச்சத்து நிரம்பிப் பருக்கின்றது. தைத்திங்களில் நாம் அவித்துண்ணும் பனங்கிழங்கு அதுதான். பெயராற் கிழங்காயினும் அது வேருமன்று, தண்டுமன்று. நெடுங்கோடையைத் தாண்டுதற்கென இளம்பனை நிலத்தடியிற் சேர்த்துவைத்த கட்டுச்சோறு.

அதன்பின் மண்ணுக்குமேல் இலை தோன்றும். வடலி எனப்படும் அப்பருவத்திற் பல ஆண்டுகள் உயராது, அடியைப் பருக்கச் செய்வதிலேயே அது கழிக்கும். பன்னிரண்டு பதினைந்து ஆண்டுகட்குமேல், சிலபோது இன்னும் காலந்தாழ்த்தே, அது முதற்பாளை விடும். அதுகாறும் அஃது ஆணோ பெண்ணோ எனப் புறத்தோற்றத்தால் எவராலும் கூறவொண்ணாது.

இத்துணைப் பெரிய உடல் எதனால் ஆயது? மண்ணை உண்டே மரம் வளர்கின்றது என்பது பழைய கருத்து. பான் ஹெல்மான்ட் என்பார் 200 ராத்தல் மண்ணிட்ட தொட்டியில் 5 ராத்தல் எடையுள்ள அலரியினப் போத்தொன்றை நட்டு, ஐந்தாண்டுகள் நீர் மட்டுமே வார்த்தார். மரம் ஏறக்குறைய 169 ராத்தலாயிற்று. மண்ணிற் குறைந்ததோ சில அவுன்சுகளே. மரம் நீரினாலேயே ஆயது என்று அவர் முடிவுகட்டினார். 1648ஆம் ஆண்டில் அவர் நூல் வெளிவந்தது. முடிபு பாதியளவே சரி. காற்றிலுள்ள கரியமில வாயுவை இலைகள் ஈர்த்து, கதிரொளியின் ஆற்றலால் நீரோடு சேர்த்துச் சர்க்கரையாக்குகின்றன என்பது பின்னரே தெளிவாயிற்று. பனையின் வயிரமும் பதநீரின் இனிமையும் பெரும்பாலும் காற்றும் நீரும் ஒளியுமேயாம்.

வேம்பும் புளியும் பட்டைக்கு உட்புறமுள்ள வளர்படலத்தால் ஆண்டுதோறும் பருக்கின்றன. பனைக்கு அப்படலமில்லை. அதன் வன்மை புறத்தே உளது. உள்ளே நாரும் சோறுமே. தொல்காப்பிய மரபியல், புறத்தே வயிரமுடையவற்றைப் புல்லென்றும் அகத்தே வயிரமுடையவற்றை மரமென்றும் பிரித்துக் கூறுகின்றது. இன்றைய தாவர நூலாரும் பனையை நெல், மூங்கில் முதலியவற்றோடு ஒருவித்திலை வகுப்பிலேயே சேர்ப்பர். பனையின் உயிர்நிலை உச்சியிலுள்ள குருத்து ஒன்றே. அதனை இழப்பின் மரம் மடியும். பக்கக் கிளை விடாது. வாழைபோற் கன்றும் ஈனாது; முருங்கைபோற் போத்தாகவும் வாராது. ஆண் ஒன்று, பெண் ஒன்று, இடையே தூது செல்வது ஒன்று, வீழ்ந்த வித்தை ஏற்கும் மண் ஒன்று: இந்நான்கும் கூடினாலன்றிப் பனைக்கு மறுபிறப்பில்லை.

மீண்டும் அம்மரத்தடியில்

இனி, சிமெண்டுத் தளத்தில் நின்ற அப்பனைக்கு வருவோம். அஃது ஆணாயின் அதன் பொடியை ஏற்கப் பெண்பனை அருகில் இல்லை. பெண்ணாயின் பொடியனுப்ப ஆண்பனை இல்லை. தொலைவிலிருந்து பொடி வந்து பழமே விளைந்தாலும், அது வீழ்வது கல்மேல். ஓரடிக்குமேல் மண்ணினுள் இறங்க வேண்டிய முளை அங்கே எவ்விடத்தில் இறங்கும்? இன்னும் ஐம்பதாண்டுகள் அம்மரம் பசுமையாய் நிற்கலாம். அதன் குலமோ அவ்விடத்தில் இன்றே அற்றுவிட்டது. ஒரு நிலத்தின் மரங்களைத் தலையெண்ணி, இத்தனை காத்தோம் என்று மகிழ்வது இக்காரணத்தாற் போதாது. மரத்தோடு அதன் துணையும், தூதும், மண்ணும் காக்கப்பெற்றாலன்றிக் காவல் முற்றுப்பெறாது.

தொழிற்சாலைகளைப் பழிப்பது என் கருத்தன்று. அவை பல குடும்பங்களுக்குச் சோறிடுகின்றன. தமிழ்நாட்டரசும் 2021ஆம் ஆண்டு வேளாண்மை வரவுசெலவுத் திட்டத்தில் பனைவிதைகளையும் கன்றுகளையும் வழங்குவதாகவும், மாவட்ட ஆட்சியரின் இசைவின்றிப் பனையை வெட்டுதல் கூடாதெனவும் அறிவித்தது. விடுத்த மண்ணில் என்ன விளையும் என்பதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937ஆம் ஆண்டில் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தபொழுது, வேதியல் பேராசிரியரும் தாவர ஆர்வலருமான எட்வர்டு பார்ன்ஸ் அவ்வளாகத்தில் மரம் வளர்ப்பதிற் பெரிதும் உழைத்தார். நட்ட மரங்களோடு இயற்கைப் புதர்க்காடும் விட்டுவைக்கப்பெற்றமையால், பறவை இட்ட வித்தும் காற்றுத் தந்த வித்தும் இன்றும் அங்கே தாமே முளைக்கின்றன.

நாம் செய்யத்தக்கது யாது? பனையை நடுங்கால் ஒன்றை நடற்க, கூட்டமாக நடுக. ஆணும் பெண்ணும் சமவளவிற் பிறக்குமெனக் கொண்டால், இரண்டு நட்டவழி இரண்டும் ஒரே பாலாய்ப் போதற்குப் பாதி வாய்ப்புண்டு. ஐந்து நட்டவழிப் பதினாறில் ஒரு பங்கே. பத்து நட்டவழி ஐந்நூற்றுப் பன்னிரண்டில் ஒரு பங்கே. காய்க்காத ஆண்பனையை வீணெனக் கருதி வீழ்த்தற்க. மரத்தடியைக் கல்லால் மூடாது, வித்து வீழ்ந்து இறங்கும் அளவேனும் மண்ணைத் திறந்து விடுக. தொழிற்சாலைகளிற் பொறுப்புள்ள பணி ஏற்றிருக்கும் நம் பழைய மாணவர்க்கு இது செலவில்லாச் செயல். ஒரு சொல்லால் ஆவது.

தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பது நம் நாட்டுப் பழமொழி. கேட்போர் இதனைப் பனைக்குக் குறையாகவே கொள்வர். எனக்கோ அது பனை நட்ட முன்னோர்க்குப் புகழுரையாகவே தோன்றுகின்றது. தாம் உண்ணாத நுங்கிற்காக ஏரிக்கரைதோறும் கொட்டை புதைத்தவர் அவர். இவ்வாண்டு ஆவணியில் வீழும் பனம்பழத்துட் சிலவற்றையேனும் நம் மாணவர் எடுத்துச்சென்று கரையோரம் புதைப்பராயின், அவை ஆணோ பெண்ணோ என்பது அவர்தம் மக்கள் பள்ளி செல்லுங் காலத்திலேதான் தெரியவரும். அதுகாறும் அவர் காத்திருத்தல் வேண்டும். மரமும் அவ்வாறே காத்திருக்கின்றது.